அவர் தள்ளிக்கொண்டு போகவில்லை

பாறைக்கு வெடி வைத்து ஒரு கிணறு வெட்டினேன். தண்ணீர் வராது என்று எங்கள் தெரு மொத்தமும் சொன்னது, வந்தது. வாடகை சைக்கிள் கடை வைத்தேன். ஆடி முடிவதற்குள் பூட்டிவிடுவான் என்றார்கள். அந்தக் கடையிலிருந்துதான் சிமெண்ட் கல் போடும் களம் முளைத்தது. களத்திலிருந்து வீடு வந்தது, மாடி வந்தது, தென்னந்தோப்பு வந்தது. சந்தைக்கு வருகிறவர்கள் வெயிலில் காயக்கூடாது என்று ரோட்டோரத்தில் ஒரு நிழற்குடை கட்டிக்கொடுத்தேன். பொள்ளாச்சி பஸ் இன்றைக்கும் அதற்கு முன்னால்தான் நிற்கிறது. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினேன். நான் மட்டும் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது கடைக்கு வந்த செய்தித்தாள்களில். பஞ்சர் ஒட்டிய பசை காய்வதற்குள் ஒரு பக்கம் வாசித்துவிடுவேன். எனக்கு யாரும் ஒரு செங்கல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

கடைசியாகக் கட்டியது பள்ளிக்கூடத்து மதில். எங்கள் ஊர் எல்.பி. ஸ்கூல், நான்காம் வகுப்புவரை உள்ளது, கேரளத்து மண்ணில் தமிழில் பாடம் நடக்கும் பள்ளிக்கூடம். மழையில் பழைய மதில் சரிந்தபோது பஞ்சாயத்து மெம்பர் வந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், போனார். நான் கல்லோடு வந்தேன். என் களத்துக் கல், என் சிமெண்ட், என் கொத்தனார். ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும் பூச்சு நைசாக இருக்கவேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். அந்த நைசான பக்கத்தில்தான் இப்போது ஒரு படம் வரைந்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

படத்தில் இருப்பவர் எங்கள் ஊர்க் கூலியாட்களுக்காகப் போராடிய தலைவர். காலனியில் பிறந்தவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். வரப்போரம் குழந்தையைத் தொட்டிலில் போட்டு நடவு நட்ட பெண்களுக்கு, வேலைக்கு நடுவில் பால் கொடுக்க நேரம் வாங்கிக்கொடுத்தவர். நிலம் வைத்திருந்த தோட்டக்காரர் வீட்டுப் பின்வாசலில் கைகட்டி நின்ற ஆட்களை முன்வாசலுக்கு வரச்செய்தவர். அவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. நான்காம் வகுப்பில் ‘நம் ஊர்ப் பெரியவர்’ என்று அவரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல காரியம். நான் அதற்கு எதிரியல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தில் அவர் வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு தெரு வழியாக நடந்துபோகிறார். பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘உரிமையின் பாதையில்’ என்று எழுதியிருக்கிறது.

அந்தச் சைக்கிள் என்னுடையது. சீட்டில் சுற்றியிருக்கும் பச்சைத் துண்டும் என்னுடையது. வரைந்த பையன் பழைய போட்டோவைப் பார்த்து வரைந்தான், துண்டின் கரை வரைக்கும் விடவில்லை. துண்டு இருக்கிறது, துண்டுக்காரன் இல்லை.

அதைக்கூட விட்டுவிடலாம். அந்தத் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. அதைத்தான் விடமுடியவில்லை.

எங்கள் தெருவுக்கு அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலனி ஆள் யாரும் அதற்குள் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. தெருமுனையில் இறங்கவேண்டும், செருப்பைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டவேண்டும், மாரியம்மன் கோயில் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போகவேண்டும். பெல் அடிக்கக்கூடாது. பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தாலும் இறங்கியாகவேண்டும். அதை எழுதிவைத்த பலகை எதுவும் கிடையாது. நடக்கப் பழகும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் அந்தத் தெருக்காரன். மண்ணுள்ள கூட்டத்தில் மண்ணில்லாத வீடு எங்களுடையது. அப்பனுக்கு இருந்தது பங்குக் கிணற்றில் ஒரு முறைத் தண்ணீரும், கல்லாங்காட்டில் கொஞ்சம் கடலைக்காடும். தேங்காய் மண்டியில் மூட்டை சுமந்து அந்தச் சைக்கிளை வாங்கினேன். அப்போதெல்லாம் எங்கள் வயசுப் பையன்களில் சொந்த சைக்கிள் வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான்.

தலைவர் என்னிடம் வந்தது அந்தச் சைக்கிளுக்காகத்தான். கூட்டத்துக்கு எங்கள் தாலூக்கா ஊரான சித்தூர் போகவேண்டும், பஸ் போய்விட்டது, சந்தையில் என்னைப் பார்த்தார்.

“சின்ன எசமானுங்க சித்தூர்ப் பக்கமா போறீங்களா?”

“போகலை. போகோணும்னா போலாம். உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. ஊரைத் தாண்டும்வரை சைக்கிளுக்குப் பின்னால் நடந்துவந்து, புளியமரத்துக்கு அந்தப்பக்கம்தான் ஏறினார். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அதுவே பழக்கமாயிற்று. வேலந்தாவளம், வண்ணாமடை, எருத்தேம்பதி, எங்கே கூட்டம் இருந்தாலும் நான் மிதிப்பேன், அவர் பின்னால் இருப்பார். ஆடி மாதத்து மேல்காற்றை எதிர்த்து ஒரு ஆளை வைத்துச் சித்தூர்ப் பக்கம் மிதித்துப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். தொடை கழன்றுவிடும். அவர் அதைக் கவனிக்கவே மாட்டார். அன்றைக்குப் பேசவேண்டியதை முழுக்க என் முதுகிடம் பேசிப் பார்ப்பார். எங்கே குரலை ஏற்றுவது, எங்கே நிறுத்தினால் பெண்கள் சிரிப்பார்கள் என்றெல்லாம் என் முதுகுக்கு முன்பே தெரியும். மேடையில் அவர் பேசும்போது ஊர் கைதட்டும். நான் பின்னால் நின்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அடுத்த வரி என்ன என்று எனக்குள்ளேயே முன்கூட்டிச் சொல்லிக்கொள்வேன்.

அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இதைச் சொன்னால் அவரைக் குறைத்துவிட்டேன் என்கிறார்கள். அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவர் பையனாக இருந்தபோது வாடகைக் கடைக்காரன் காலனிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கமாட்டான். தொட்டால் துடைப்பான். பெரியவரான பிறகு வற்றின குளத்துக்குள் நான் கற்றுக்கொடுத்துப் பார்த்தேன். கரையில் மாடு மேய்த்த பெண்கள் சிரிக்க, சேற்றில் விழுந்து எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு சொன்னார்:

“இது எனக்கு ஆகாதுங்க தம்பி. நீங்க மிதியுங்க, நான் பேசறேன்.”

அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைத் தம்பி என்றார். நானும் அன்றையிலிருந்து அவரை அண்ணா என்றேன். எங்கள் தெருவில் அது காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே சோறு கிடைத்திருக்காது.

ஆனால் தெருமுனை வந்தால் மட்டும் அவர் என் முதுகில் இரண்டு விரலால் தட்டுவார். நான் பிரேக் பிடிப்பேன். அவர் இறங்கி வாய்க்கால் வழியாகச் சுற்றி வருவார். நான் தெரு வழியாக மிதித்துப்போய்க் கோயிலுக்கு அந்தப்பக்கம் காத்திருப்பேன். வந்து ஏறி, விட்ட வாக்கியத்திலிருந்து ஆரம்பிப்பார்.

ஒருநாள் சாயங்காலம் அந்த இரண்டு விரல் படவில்லை.

தெருமுனை வந்தது. முதுகை விறைத்துக்கொண்டு காத்திருந்தேன். தட்டவில்லை. பேச்சும் நிற்கவில்லை. பால் கொடுக்கிற நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அதே குரலில், கூட்டியும் இல்லை குறைத்தும் இல்லை. என் கை பிரேக்கின் மேல் இருந்தது. பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் அவர் இறங்கித்தான் ஆகவேண்டும், கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் பிடிக்கவில்லை.

எங்கள் பெரியப்பா வாசலில் நின்று கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

“டேய், பின்னால இருக்கறவனை எறக்கி உடுறா.”

நான் மிதித்தேன்.

“உன்னையத்தான்டா சொல்றேன். காது அடைச்சுப் போச்சா?”

பெல்லை அடித்தேன். வழியில் கோழிகூட இல்லை. சும்மாதான் அடித்தேன். பின்னால் அண்ணன் பால் கொடுக்கிற நேரத்தைப் பேசி முடித்து மழைநாள் கூலிக்கு வந்திருந்தார். கோயிலைத் தாண்டி வாய்க்கால் பாலத்தில் நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். யார் முடிவு செய்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசிவரை கேட்டதில்லை. என்னைக் கேட்டால் இரண்டு பேர் முடிவு அது. அவர் இறங்கவில்லை, நான் நிறுத்தவில்லை. இதில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் ஒருத்தன் தலையில். பங்குக் கிணற்றில் எங்கள் முறையை நிறுத்தினார்கள். கடலைக்காடு கண்முன்னால் காய்ந்தது. நிச்சயமான பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். பெரியப்பா செத்தபோது என்னைத் தோள் கொடுக்க விடவில்லை. அதனால்தான் பாறையை வெடி வைத்துப் பிளந்தேன். அதனால்தான் காலனிப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் கிடைக்கிற கடை ஒன்று ஊரில் வந்தது. அந்தக் கடைச் சைக்கிளில் பழகிய பையன்கள்தான் பிறகு ஜாதாவாகத் தெருவுக்குள் வந்தார்கள், ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக, பெல் அடித்துக்கொண்டு. அந்த ஊர்வலத்துக்கு முன்னால் போன சைக்கிளில் தலைவர் இருந்தார். கேரியரில். முன்னால் யார் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஊர்வலம் முடிந்ததும் சித்தூரிலிருந்து வந்த போட்டோக்காரர் தலைவரைச் சைக்கிளோடு நிற்கச் சொன்னார். நான் ஸ்டாண்டு போடாமல் அவர் கையில் ஹேண்டிலைக் கொடுத்தேன். “நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தலைவர் மட்டும்” என்றார் போட்டோக்காரர். நின்றேன். அப்படித் தள்ளி நின்றவன்தான், இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

போன வருஷம் படம் வரைந்து முடித்ததும் பள்ளிக்கூடத்தில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். மதில் கட்டியவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். துண்டு போர்த்தினார்கள், முன் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தலைவரின் மகன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவன். சின்ன வயதில் என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வந்தவன். எனக்கு அவன் பிள்ளை மாதிரி, என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். மை மீசை வரைந்த ஒரு சின்னப் பையன், அவன் உயரத்துக்கு ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். இரண்டு பக்கமும் பிள்ளைகள் தெருக்காரர்களாகக் கைகட்டி நின்றார்கள். அவன் தலையைக் குனிந்து மெதுவாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் தள்ளிக்கொண்டே போனான். கூட்டம் கைதட்டியது. எதை மாட்டேன் என்று சொன்னோமோ அதையே ஒரு குழந்தையைச் செய்யவைத்து, அதற்குக் கைதட்டுகிறார்கள்.

நாடகம் முடிந்து டீச்சர் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார். நல்ல பெண் அவர், அக்கறையாகச் சொல்லிக்கொடுப்பவர், அதையும் சொல்லவேண்டும். ஆனால் ஊர் வேறு, வயது குறைவு. முன்வரிசையில் ஒரு குட்டிப்பெண் கை தூக்கினாள்.

“டீச்சர், சைக்கிள் இருக்குதில்லைங்க, அப்பறம் எதுக்கு அவரு தள்ளீட்டுப் போறாரு?”

சரியான கேள்வி. அங்கே இருந்த பெரியவர்கள் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

டீச்சர் சொன்னார்: “அவர் ரொம்ப எளிமையானவர் கண்ணு. சைக்கிள் இருந்தும் கர்வமில்லாம, எல்லாரோடயும் நடந்தே போனார். எங்கே, எல்லாரும் சொல்லுங்க, எளிமை.”

“எளிமை” என்று பிள்ளைகள் மொத்தமாகச் சொன்னார்கள். போர்டில் எழுதிப்போட்டார். பரீட்சைக்கும் அதுதான் வரும். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொல்வார்கள்.

எல்லோரும் டீ குடிக்கும்போது டீச்சரிடம் போனேன்.

“டீச்சர், அவரு தள்ளீட்டுப் போகலைங்க. தள்ளச் சொன்னாங்க, அவரு மாட்டேன்னாரு. அதுதானுங்க விஷயமே.”

“அப்படீங்களா ஐயா? அப்போ ஓட்டிட்டுப் போனாரா?”

“இல்லைங்க. நான் ஓட்டினேன். அவரு பின்னால இருந்தாரு.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பெரியவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்கிற சிரிப்பு. அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

“சின்னக் குழந்தைகள் ஐயா. ஒருத்தரைப் பத்திச் சொன்னாத்தான் மனசுல நிக்கும். ரெண்டு பேருன்னா குழம்பிக்குவாங்க.”

“சைக்கிள்ல ரெண்டு பேரு போறதைப் பாக்காத குழந்தை இந்த ஊருல இருக்குதுங்களா?”

அதற்குப் பதில் சொன்னது பின்னால் நின்ற தலைவரின் மகன். என்னைக் கையைப் பிடித்து மதிலுக்கு வெளியே, படத்துக்கு முன்னாலேயே கூட்டிக்கொண்டு போனான்.

“உங்க படத்தை எங்க வேணும்னாலும் போடச் சொல்லுங்க சித்தப்பா. நானே வந்து ஆணி அடிக்கறேன். எங்கப்பனுக்கு முன்னால மட்டும் போடாதீங்க.”

“முன்னால ஆளு இல்லாம சைக்கிள் எப்படிறா போகும்?”

“அதேதானுங்க நான் சொல்றது. உங்க ஆளு முன்னால, எங்க ஆளு பின்னால. இதைப் பாக்கறதுக்கு எதுக்குங்க படம்? ரோட்டுல நின்னாலே தெரியும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“எந்த ஆளுடா என்ற ஆளு? தோள் குடுக்க உடாதவங்களா? தண்ணி குடுக்காதவங்களா? இன்னைக்கும் என்ற ஊட்டைச் சைக்கிள்காரன் ஊடுங்கறாங்களே, அவங்களா?”

அவன் குரல் இறங்கிற்று. “எனக்குத் தெரியுங்க. உங்க மடியில வளந்தவன் நான். ஆனா அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? நாளைக்கு ஒரு பையன் படத்தைப் பாத்து, தலைவரை ஒரு தோட்டக்காரர்தான் கூட்டீட்டுப் போனாராம்னு சொல்லுவான். எங்கப்பன் ஆயுசு முழுக்க ஒருத்தர் தயவுல போகலைங்க.”

“நான் தயவு பண்ணலைடா.”

“அதைச் சுவத்துல எப்படிங்க வரையறது?”

வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அவன் அப்பன் வாங்கிய அவமானத்தில் பத்தில் ஒரு பங்கு நான் வாங்கவில்லை. எனக்குப் போனது தண்ணீரும் பெண்ணும் சொந்தமும், அவருக்குத் தினம் தினம் போனது வேறு. ஆனால் அவன் பயத்துக்காக ஒரு பொய்யை மதிலில் வைக்கமுடியுமா? அவன் அப்பனை ஒரு தெருக்காரன் ஏற்றிப்போனான் என்பதை மறைப்பதற்காக, அவன் அப்பனைத் தெருக்காரர்கள் ஆசைப்பட்டபடியே சைக்கிளைத் தள்ளவைத்துவிட்டார்களே. பெரியப்பா இருந்திருந்தால் இந்தப் படத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டியிருப்பார். இறங்கித் தள்ளுகிறான் பார், என்றிருப்பார். இதை நான் அவனுக்குச் சொல்லவேண்டும், நேரில் சொன்னால் சண்டையாகிவிடும், எழுத்தில் சொல்கிறேன்.

சைக்கிள் ஓட்டத் தெரியாதது அவருக்கு வெட்கம் இல்லை. கொடுக்காதவனுக்குத்தான் வெட்கம். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய பாடமே அதுதான். ஏன் ஓட்டத் தெரியாது என்று அந்தக் குட்டிப்பெண் அடுத்ததாகக் கேட்பாள். டீச்சர் அதற்குப் பதில் சொல்லட்டும். எளிமை என்று எழுதிப்போட்டு அழிக்கிற வேலை அதில் நடக்காது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் மதிலுக்கு வெள்ளையடிப்பார்கள், படத்தையும் புதுப்பிப்பார்கள். என்ன மாற்றவேண்டும் என்று எழுதித் தாருங்கள், பி.டி.ஏ. என்கிற பெற்றோர் சங்கத்தில் வைக்கிறேன் என்றார் டீச்சர். என்னை அனுப்பிவைப்பதற்காகச் சொன்னாரோ என்னவோ, நான் எழுதிவிட்டேன்.

சைக்கிள் ஓடவேண்டும். சக்கரம் சுழல்வது தெரியவேண்டும். கேரியரில் அண்ணன் இருக்கவேண்டும், செருப்பு காலில் இருக்கவேண்டும், வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கவேண்டும். முகம் அவருடையது மட்டும் தெரிந்தால் போதும். என்னை முதுகு காட்டி வரையுங்கள். அவர் மகனுக்கும் அதில் வருத்தம் இருக்காது. அவர் பேசியதெல்லாம் முதலில் கேட்ட முதுகு அது. ஆனால் கீழே தமிழில், ரோட்டிலிருந்து படிக்கிற அளவு எழுத்தில், மிதித்தவன் பெயரை எழுதவேண்டும். தெரு என்ன செய்தது, அவன் பிரேக் பிடிக்கவில்லை, இந்த இரண்டையும் பாடத்தில் சேர்க்கவேண்டும்.

முடியாது என்றால் இன்னொரு வழி சொல்கிறேன். படத்திலிருந்து சைக்கிளை எடுத்துவிடுங்கள். துண்டையும் எடுத்துவிடுங்கள். அவர் வெறுங்கையோடு நிற்கட்டும்; அப்படி நின்றாலும் அவர் பெரிய ஆள்தான். என்னை விட்டுவிட்டு என் சைக்கிளை மட்டும், அதுவும் என் மதிலிலேயே, தள்ளிக்கொண்டு போக நான் விடமாட்டேன்.